விராலி வேரில் ஒன்பது மரம்

நெல்லிவாசல்நாட்டுப் பள்ளிக்கு நான் வாத்தியாராகப் போனது எண்பத்தொன்றாம் வருடம், பங்குனி மாதம். அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஐந்து மணி நேரம் நடந்து ஏறினேன். மலை முழுவதும் காய்ந்து சாம்பல் நிறத்தில் கிடந்தது. மூச்சு வாங்க ஒரு பாறையில் உட்கார்ந்து எதிர்ச்சரிவைப் பார்த்தால், அங்கே ஒரு துண்டு நிலம் மட்டும் பளபளவென்று பச்சையாக இருந்தது. சரிவுக்குக் குறுக்கே ஏழெட்டு வரிசை, யாரோ கயிறு பிடித்து நட்டது போல. என் பெட்டியைச் சுமந்து வந்தவரிடம் அது யாருடைய தோட்டம், எங்கிருந்து தண்ணீர் பாய்கிறது என்று கேட்டேன். தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது, அது கோபால்சாமி பெண்சாதி பாஞ்சாலை போட்ட விராலி என்றார். பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு, நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார்.

"அந்தக் கொல்லப் பக்கம் போவாதீங்க சார்."

ஏன் என்று கேட்டேன். அவர் முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

பாஞ்சாலைக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். உயரமான, எலும்பு தெரியும் உடம்பு. நடக்கும்போது காலால் கல்லை ஒதுக்கிக்கொண்டே நடப்பாள். பாதையில், கோயில் வாசலில், பள்ளிக்கூட முற்றத்தில், எங்கே நடந்தாலும் அப்படித்தான். அந்தப் பழக்கம் அவளுடைய கொல்லையில் பிடித்தது. அவள் தன் கதையை என்னிடம் ஒரே நாளில் சொல்லவில்லை. மனு எழுதித் தரச் சொல்லி வந்த நாளில் பாதி சொன்னாள். மீதியில் சிலதைப் பிறகு சொன்னாள், சிலதை நான் கண்ணால் பார்த்தேன்.

கோபால்சாமிக்குப் பாகம் பிரிக்கும்போது கிடைத்த நிலத்துக்கு மொட்டைக்கொல்லை என்று பேர். எந்தக் காலத்திலோ அங்கே காட்டை வெட்டிக் கரிமூட்டம் போட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு மழையும் விரற்கடை மண்ணைக் கீழே இழுத்துக்கொண்டு போனது. பாஞ்சாலை கல்யாணமாகி வந்த வருடம் அங்கே சாமை முழங்கால் உயரம் வந்தது. பத்து வருடம் கழித்து கணுக்கால் உயரத்திலேயே பழுத்துப் போனது. போட்ட விதை கூடத் திரும்பவில்லை. நிலத்தில் கல் மட்டும் வருடா வருடம் வளர்ந்தது. கொல்லைக்குக் கீழேதான் அவர்கள் வீடு, மாட்டுக்கொட்டகை. பெருமழை பெய்யும்போது உருண்டு வரும் கல் கொட்டகைச் சுவரில் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே அவள் அடுப்பு ஊதுவாளாம்.

விராலி அந்த மலையில் புதிதில்லை. பாறை இடுக்கில், ஒரு பிடி மண் இருந்தால் போதும், முளைத்து நிற்கும். கோடையில் மற்ற செடியெல்லாம் குச்சியாக நிற்கும்போது இதன் இலை மட்டும் எண்ணெய் தடவியது போல மின்னும். இலையில் பிசின் இருப்பதால் ஆடு வாய் வைக்காது. கை கால் பிசகினால் இலையை வதக்கிக் கட்டுவார்கள், பச்சையாக வெட்டினாலும் அடுப்பில் எரியும். அதை யாரும் நட்டு வளர்த்ததில்லை. பாஞ்சாலைக்கு மட்டும், பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் செடி தன் கொல்லையையும் பிடிக்காதா என்று தோன்றியது.

எழுபத்தொன்றில் ஆரம்பித்தாள். மாசி பங்குனியில் சிவந்து காயும் காய்களை மடி மடியாக உருவி வந்து, காகிதம் போன்ற அந்தச் சிறகைக் கையால் கசக்கிப் புடைத்து, கடுகை விடக் கொஞ்சம் பெரிய கறுப்பு விதையை எடுத்து வைத்தாள். சரிவுக்குக் குறுக்கே கல்லை அடுக்கி, கல்லுக்கு மேல்பக்கம் பள்ளம் கீறி ஆடியில் விதைத்தாள். முதல் வருடம் முளைத்தது விரல் விட்டு எண்ணும் அளவுதான். அடுத்த வருடமும் அப்படியே. ஆனால் வீட்டுக்குப் பின்னால், சோறு வடித்த சுடுகஞ்சி கொட்டும் இடத்தில், கைதவறிச் சிந்திய விதை கொத்துக் கொத்தாக முளைத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு மூன்றாம் வருடம் விதை மேல் கொதிநீர் ஊற்றி, ஒரு ராத்திரி ஊறவிட்டு விதைத்தாள். பாதிக்கு மேல் முளைத்தது. முதல் கோடைக்கு மட்டும் சுனையிலிருந்து குடத்தில் கொண்டுவந்து ஊற்றினாள். பிறகு ஊற்றவே இல்லை.

எழுபத்தாறில் வரிசைகள் இடுப்பு உயரம் வந்துவிட்டன. கல்லுக்கு மேல்பக்கம் முழங்கை ஆழம் மண் நின்றது. வரிசைக்கு நடுவே போட்ட சாமை மறுபடியும் முழங்கால் தொட்டது. கல் உருள்வது நின்றது. பக்கத்து ஊர்க்காரர்கள் விதை கேட்டு வந்தார்கள். மகள் பெரியம்மாளைக் கட்டிக்கொடுத்ததும் அந்த வருடம்தான். அது ஒன்றுதான் தன் வாழ்நாளில் பயமில்லாத வருடம் என்று பாஞ்சாலை என்னிடம் சொன்னாள்.

சந்தனம் அதற்கப்புறம் வந்தது. யாரும் நடவில்லை. மேற்காட்டில் சந்தன மரம் உண்டு. அதன் பழத்தைத் தின்ற குருவிகள் விராலிப் புதரில் வந்து அடையும், எச்சமிடும். புதருக்கடியில் ஈரமும் நிழலும் இருந்ததால் முளைத்துவிட்டது. முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்தபோது செடி மார்பளவு வந்திருந்தது. மொத்தம் ஒன்பது. கோபால்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாமியே இடம் பார்த்து வந்து உட்கார்ந்தது போல என்றானாம்.

வனக்காவலர் துரைக்கண்ணு அடிவாரத்து ஊர்க்காரர். வாச்சர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கால் வலியோடு மலை ஏறி இறங்கும் மனிதர், கெட்டவரில்லை. அவர் ஒரு நாள் வந்து, ஒன்பது செடிக்கும் பக்கத்தில் நின்று நின்று நோட்டில் எழுதிக்கொண்டார். சந்தனம் எவன் நிலத்தில் முளைத்தாலும் அது சர்க்கார் மரம், ஒரு கிளை ஒடிக்கக்கூடாது, மரம் காணாமல் போனால் நிலத்துக்காரன்தான் பதில் சொல்ல வேண்டும் என்று விளக்கினார். கோபால்சாமி தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். பாஞ்சாலை, "அப்ப நாங்க யாருக்கு இன்னா பண்ணோம்?" என்று மட்டும் கேட்டாளாம். வாச்சர் நோட்டை மடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

எண்பதாம் வருடம் பக்கத்து ஊரில் வேடியப்பன் செத்தான். பாஞ்சாலைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. அவன் கொல்லையில் உரல் பருமனுக்கு இரண்டு சந்தன மரங்கள் நின்றன. ஒரு நாள் விடிந்தபோது இரண்டும் இல்லை. அடிமரம் கூட இல்லை, வேரோடு தோண்டி எடுத்திருந்தார்கள். வேடியப்பனும் வீட்டில் இல்லை. ஆடு மேய்த்தவர்கள் மத்தியானம் அவனைத் தேன்பாறைக்குக் கீழே பார்த்தார்கள். தவறி விழுந்தான் என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். வேடியப்பன் அந்தப் பாறையில் முப்பது வருடம் தேன் எடுத்தவன்.

அதற்கு அடுத்த மாசியில், நான் மலைக்கு வருவதற்குச் சில நாள் முன்னால், விராலிக் காய் உருவப் போன பாஞ்சாலை தன் சந்தன மரம் ஒன்றில் ஒரு காயம் பார்த்தாள். இடுப்பு உயரத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, பட்டையைச் செதுக்கி எடுத்திருந்தது. சுத்தமான வெட்டு. அதன் மேல் ஈரமண் பூசியிருந்தது, புண்ணுக்கு மருந்து வைத்தது போல. அடுத்த மரத்தைப் பார்த்தாள். அதிலும் இருந்தது. ஒன்பதிலும் இருந்தது. உள்ளே வைரம் பாய்ந்திருக்கிறதா என்று யாரோ பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மண் இன்னும் காயவில்லை.

எட்டு நாள் கழித்து, உச்சி வெயிலில், ஒரு ஆள் வந்தான். வெள்ளைச் சட்டை, ரப்பர் செருப்பு, கையில் குடை. கண்ணமங்கலம் பக்கம், புளி வியாபாரம், பேர் ராஜாக்கண்ணு என்று சொன்னான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். விராலி வரிசைகளைப் பார்த்து, இப்படி ஒரு வேலையைத் தான் எந்த மலையிலும் பார்த்ததில்லை என்று பாஞ்சாலையை மெச்சினான். கோபால்சாமி கையில் புது பேட்டரி லைட் ஒன்றைக் கொடுத்தான். புளி எதுவும் கேட்கவில்லை. கிளம்பும்போது சொன்னான்:

"ஒன்னும் வாணாம் அண்ணே. மரத்த நல்லா பாத்துக்கோங்க. தீ படாம, ஆடு ஒரசாம. நாங்க அப்பப்போ வந்து பாத்துட்டு போறோம்."

கோபால்சாமி அந்த லைட்டைப் பகலிலேயே எரித்து எரித்துப் பார்த்தான். நல்ல மனுஷன் என்றான். பாஞ்சாலை அதைத் தொடவில்லை. அன்று முதல் அந்த வீட்டுக்கு யாரும் வருவதில்லை. வெள்ளைச் சட்டைக்காரன் உட்கார்ந்து தண்ணீர் குடித்த வீடு என்று மலை முழுக்கத் தெரிந்துபோனது. விதை கேட்டு வந்தவர்கள் வேறு பாதையில் போனார்கள். மகளிடம், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று பாஞ்சாலையே சொல்லி அனுப்பினாள். என் பெட்டியைச் சுமந்து வந்தவர் ஏன் பதில் சொல்லவில்லை என்பது எனக்கு மெல்லத்தான் புரிந்தது.

மறு மாசியிலும் அவன் வந்தான். அதே உச்சி வெயில், அதே குடை. ஒவ்வொரு மரத்தையும் கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்தான். கன்றுக்குட்டியைத் தடவுவது போலத் தடவினான். பிறகு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் போன மறுநாள்தான் பாஞ்சாலை என்னிடம் மனு எழுத வந்தாள். மரங்களைச் சர்க்காரே வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும், எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், இதுதான் மனு. ராஜாக்கண்ணு பேரை எழுதலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. படித்துச் சொன்னேன். மரங்கள் இன்னும் முதிரவில்லை, முதிர்ந்த பிறகு ஆய்வு செய்யப்படும், அதுவரை நிலத்துக்காரர் பொறுப்பில் பாதுகாக்கப்பட வேண்டும். அவள் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்தாள்.

"அவனும் இதயேதான் சொல்றான் சார்" என்றாள்.

எண்பத்து மூன்று மாசியில் அவன் மூன்றாம் முறை வந்தபோது கையில் துளையிடும் கம்பி இருந்தது. பெரிய மரத்தில் அதை வைத்துத் திருகி, உள்ளிருந்து வந்த தூளை உள்ளங்கையில் கொட்டி, முகர்ந்து, ஊதிவிட்டான். வெறும் வெள்ளை, வைரம் ஏறவில்லை. இன்னும் நான்கு வருடம், அதிகம் போனால் ஐந்து என்று கணக்குச் சொன்னான். மரம் எடுக்கிற நாளில் நீங்கள் இரண்டு பேரும் மகள் ஊருக்குப் போய்விட வேண்டும், நாள் முன்கூட்டித் தெரியப்படுத்துவோம் என்றான். கோபால்சாமி, வாச்சர் கேட்டால் நாங்கள் என்ன சொல்வது என்று மெதுவாகக் கேட்டிருக்கிறான்.

"ஊர்ல இல்லன்னு சொல்லுங்க. வேடியப்பங்கிட்டயும் இதான் சொன்னோம். அவர் போவல" என்றான் ராஜாக்கண்ணு. குரலை உயர்த்தவே இல்லை. தூளைத் துடைத்த கையால் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான்.

அந்த வாரம் துரைக்கண்ணு வந்தார். பாஞ்சாலை அவரை உட்கார வைத்துக் களி போட்டாள். சாப்பிடும்போது, இந்த மரம் மற்ற கொல்லையில் முளைத்தால் நோஞ்சானாக நிற்கிறதே, இங்கே மட்டும் ஏன் இப்படிச் செழிக்கிறது என்று கேட்டாள். வாச்சருக்குத் தனக்குத் தெரிந்ததைச் சொல்வதில் விருப்பம் அதிகம். சந்தனம் தனியாகச் சாப்பிடத் தெரியாத மரம் என்றார். பக்கத்துச் செடியின் வேரில் வாய் வைத்து உறிஞ்சித்தான் பிழைக்கும், விராலி அதற்கு ரொம்பப் பிடித்த செடி.

"செடி இல்லன்னா?" என்றாள் பாஞ்சாலை.

"இல்லன்னா இன்னா, பட்டினிதான். ரெண்டு கோட தாங்காது." சொல்லிவிட்டு அவர் கையை நிறுத்தி அவளைப் பார்த்தார். அவள் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்.

சித்திரையில் அவள் விராலியைத் தோண்ட ஆரம்பித்தாள்.

வெட்டினால் தழைத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கடப்பாரை போட்டு வேரோடு எடுத்தாள். முதல் செடியை நெம்பி எடுத்தபோது, அதன் வேரோடு இன்னொரு மெல்லிய வேர் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒட்டிய இடங்களில் குமிழ் குமிழாக, மாட்டின் காதில் உண்ணி கடித்துத் தொங்குவது போல. கையால் பிய்த்தால் வரவில்லை. பன்னிரண்டு வருடம் தான் வளர்த்த செடியின் அடியில், கண்ணுக்குத் தெரியாமல் இது நடந்துகொண்டிருந்தது என்பது அவளுக்கு உடம்பைக் கூசச் செய்ததாம். அன்று அவள் சாப்பிடவில்லை.

கோபால்சாமி இரண்டு நாள் கத்தினான். புத்தி பிசகிவிட்டது என்றான். மழை வந்தால் கொல்லை என்ன ஆகும் என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். அவள் தோண்டிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் அவள் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்துச் சொன்னாள்:

"அவன் வேடியப்பண்ணன் பேரச் சொன்னப்போ நீயும் பக்கத்துலதான நின்னுனு இருந்த."

அவன் வீட்டுக்குள் போய்விட்டான். மறுநாள் காலை அவனே கடப்பாரையை எடுத்துக்கொண்டு முன்னால் போனான்.

பள்ளிக்கூட வாசலிலிருந்து பார்த்தால் அந்தச் சரிவு தெரியும். அந்தக் கோடை முழுவதும் பச்சைக்கு நடுவில் ஒரு ஓட்டை விழுந்து, நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டு போவதைப் பார்த்தேன். ஒன்பது மரமும் நடுச்சரிவில்தான் நின்றன. அதனால் நடுவில் மட்டும் எடுத்தார்கள், இரண்டு ஓரமும் நின்றது. சந்தனத்தின் மேல் அவர்கள் கை படவே இல்லை. அதைச் சுற்றி முளைத்த புல்லைக்கூட பாஞ்சாலை உட்கார்ந்து பிடுங்கினாள். ஊரில் என்னிடம் கேட்டார்கள், அவளுக்கு என்ன ஆயிற்று என்று. எனக்குத் தெரியாது என்றேன். உண்மையில் அப்போது எனக்கும் தெரியாது.

அந்த வருடம் மழை குறைவு. கார்த்திகைக்குள் மரங்கள் மஞ்சளாகிவிட்டன. மாசியில் ராஜாக்கண்ணு வந்தபோது உச்சிக்கிளைகள் காய்ந்திருந்தன. அவன் குடையை மடக்கிவிட்டு, தோண்டிய குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தான். விராலியை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டான். விறகுக்கு என்றாள் பாஞ்சாலை. மலையில் விறகுக்கா பஞ்சம் என்று கேட்டுவிட்டு, அவர்கள் வீட்டு வாசலில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு, மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், நான் பார்க்கிறேன் என்றான். கணவனும் மனைவியும் சுனைக்கும் கொல்லைக்கும் ஒன்பது நடை நடந்தார்கள். மரத்துக்கு ஒரு குடம். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணினான். அவன் போன பிறகு அவர்கள் ஒரு சொட்டு ஊற்றவில்லை.

எண்பத்தைந்து மாசியில் அவன் இரண்டு ஆட்களோடு வந்தான். அன்று ஊரில் கதவுகள் எல்லாம் பகலிலேயே சாத்தியிருந்தன. நான் பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்துவிட்டு வாசலில் நின்றேன். ஒன்பது மரமும் பட்டுப்போய்க் குச்சியாக நின்றன. ஆட்களில் ஒருவன் பெரிய மரத்தைக் கோடாலியால் வெட்டிச் சாய்த்தான். அவர்கள் மூவரும் குனிந்து பார்ப்பது தெரிந்தது. நடுமரம் வரை வெள்ளை. வாசனை கூட இல்லை.

அங்கே பேசியதைப் பாஞ்சாலை பிறகு சொன்னாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அவன் கேட்டிருக்கிறான். வாச்சரா, வாத்தியாரா என்று கேட்டிருக்கிறான்.

"நட்டவளுக்குச் செடியத் தெரியாதா?" என்றாளாம் பாஞ்சாலை. "எவனும் சொல்லிக் குடுக்கல."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கோடாலிக்காரன் ஒரு அடி முன்னால் வந்தபோது கையால் தடுத்தான். பிறகு கோபால்சாமியிடம் திரும்பி, அந்த லைட்டைக் கொண்டு வாருங்கள் என்றான். கோபால்சாமி உள்ளே ஓடி எடுத்து வந்து கொடுத்தான். அவன் அதை ஒரு முறை எரித்துப் பார்த்து, பைக்குள் வைத்துக்கொண்டு, "சரிம்மா, வர்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

அந்த வர்றேன் என்ற வார்த்தைதான் அவர்களைத் தின்றது. எல்லாரும் சொல்கிற வார்த்தைதான், வீட்டை விட்டுக் கிளம்புகிற எவரும் சொல்வது. அவர்கள் அதற்கப்புறம் எட்டு மாதம் உச்சி வெயில் நேரத்தில் சாப்பிட உட்கார்ந்ததில்லை. நாய் குரைத்தால் பாஞ்சாலை அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து நிற்பாள். துரைக்கண்ணு வந்து, நோட்டில் ஒன்பது மரமும் வறட்சியில் பட்டுப்போனதாக எழுதினார். எழுதும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவனைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கோபால்சாமி கேட்டதற்கு, கேட்காதே என்றார்.

அவன் வரவில்லை. மழை வந்தது.

ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. பள்ளிக்கூட ஓட்டின் மேல் விழுகிற சத்தத்தில் பாடம் நடத்த முடியவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல், வண்டி வண்டியாக ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. வெளியே ஓடி வந்து பார்த்தேன். மொட்டைக்கொல்லையின் நடு மண் மொத்தமாகக் கழன்று இறங்கிக்கொண்டிருந்தது. விராலி நின்ற இரண்டு ஓரமும் அப்படியே இருந்தது, ஒரு கல் கூட நகரவில்லை. அவர்கள் தோண்டி எடுத்த அகலம் எவ்வளவோ அவ்வளவு மட்டும், பட்ட மரங்களோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு வந்து மாட்டுக்கொட்டகை மேல் விழுந்தது.

கொட்டகையில் இரண்டு பசுவும், அவற்றை அவிழ்த்துவிடப் போன கோபால்சாமியும் இருந்தார்கள்.

நாங்கள் ஓடிப்போகும்போது பாஞ்சாலை கையாலேயே சேற்றை வாரிக்கொண்டிருந்தாள். நான்கு வருடமாக அந்த வீட்டு வாசலை மிதிக்காதவர்கள் எல்லாரும் வந்து தோண்டினார்கள். பசு இரண்டும் செத்திருந்தன. கோபால்சாமி உத்திரத்துக்கு அடியில் மூச்சோடு கிடந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. மழை விட்டதும் கட்டிலில் வைத்து அடிவாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். செங்கம் ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே காலை எடுத்துவிட்டார்கள்.

ஊரில் பேச்சு இரண்டு விதமாக இருந்தது. சந்தனத்தைப் பட்டினி போட்ட பாவம் என்றார்கள் சிலர், வேடியப்பன் கதிக்கு இது மேல் என்றார்கள் மற்றவர்கள். அதற்குள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் பார்க்கப் போனபோது அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, கணவனுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். கோபால்சாமிதான் பேசினான். அவன் குரலில் கோபம் இல்லை.

"அவன் வந்திருந்தா காலோட போயிருக்காது சார்" என்றான். "நான் இவளத்தான் நம்பினேன். இப்பவும் அப்பிடித்தான்."

பாஞ்சாலை கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

எண்பத்தாறு மாசியில் அவள் மறுபடியும் விராலிக் காய் உருவினாள். வேறு வழி இல்லை. நடுக்கொல்லையில் பாறை தெரிந்தது, அதற்கு மேலே இன்னும் மண் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழேதான் வீடு. கொதிநீர் ஊற்றி ஊறவைத்து, கல் அடுக்கி, தனி ஆளாக விதைத்தாள். கோபால்சாமி கட்டைக்காலோடு வாசலில் உட்கார்ந்து விதை புடைத்துக் கொடுத்தான். ஓரத்துப் புதர்களில் குருவிகள் அடைந்துகொண்டுதான் இருந்தன. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பாஞ்சாலை வரிசை வரிசையாகப் புதருக்கடியில் தவழ்ந்து போய், இரண்டு இலையோடு எழும்பும் சந்தன நாற்றைத் தேடிப் பிடுங்கினாள். நாற்று அந்த அளவில் இருக்கும்போது யாருக்கும் பேர் தெரியாது. அவளுக்குத் தெரியும். பிடுங்கியதை அங்கேயே போடாமல், மடியில் கட்டிக்கொண்டு வந்து அடுப்பில் போடுவாள்.

எனக்கு மாற்றல் வந்து மலையை விட்டு இறங்கியது எண்பத்தேழு ஐப்பசியில். கிளம்புவதற்கு முந்தின நாள் சொல்லிக்கொள்ளப் போனேன். அவள் கொல்லையில் இருந்தாள். அதே நேரத்தில் துரைக்கண்ணு மேற்காட்டுப் பாதையிலிருந்து இறங்கி வந்தார். பாஞ்சாலை புதருக்குள்ளிருந்து முழங்காலால் பின்வாங்கி வெளியே வந்து நிமிர்ந்தாள். வலது கையில் மூன்று நாற்றுகள் இருந்தன. மறைக்க நேரமில்லை.

வாச்சர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மேலே வானத்தைப் பார்த்து, இன்னும் இரண்டு நாள் மழை இருக்கும் போல என்றார். தண்ணீர் கேட்டார். கோபால்சாமி செம்பை நீட்டினான். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, அடுத்த மாதத்தோடு தனக்குப் பணி முடிகிறது என்று சொன்னார்.

"புதுசா ஒருத்தர் வர்றாருமா" என்றார் பாஞ்சாலையிடம். "சின்ன வயசு. படிச்சவரு. அவருக்கு எல்லாச் செடியும் தெரியும், மொளையிலயே தெரியும்."

செம்பைக் கொடுத்துவிட்டு, தடியை ஊன்றி இறங்கிப் போனார். பாஞ்சாலை அவர் முதுகு மறையும் வரை நின்றாள். என்னைப் பார்த்து, நல்லபடியா போய்ட்டு வாங்க சார் என்றாள். பிறகு மூன்று நாற்றையும் மடியில் செருகிக்கொண்டு, மிச்சமிருந்த வரிசைக்குள் குனிந்து நுழைந்தாள்.